மண் பட்டினி கிடந்த ஊர்

எங்கள் நொச்சிக்குடியில் மண் சாப்பிடுவதை நிறுத்திய வருஷம் எது என்று யாரைக் கேட்டாலும், தயிர் உறையாத வருஷமா என்று திருப்பிக் கேட்பார்கள், ஏனென்றால் மழை பொய்த்த வருஷத்தையும் தேர் ஓடாத வருஷத்தையும் மறந்துவிட்ட எங்களுக்கு அந்த ஒரு வருஷம் மட்டும் இன்றுவரை மறக்கவில்லை. அதற்கு முந்தின நாள் வரை நாங்கள் போட்டதையெல்லாம் மண் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது, பந்தியில் எடுத்த எச்சில் இலையையும் சாமிக்குச் சாத்திய மாலையையும் அழுகிய தக்காளியையும் செத்த கோழியையும் செத்த மனிதரையும் தின்றது, நாங்கள் ஒரு நாளாவது அதற்கு நன்றி என்று சொன்னதில்லை, தின்பது அதன் தலையெழுத்து என்று இருந்தோம்.

அந்த மண்ணோடு பேசத் தெரிந்தவள் ஊரில் ஒருத்திதான் இருந்தாள். பேரூராட்சி உரக்கிடங்கில் பதினொரு வருஷமாக வேலை பார்த்த சீனியம்மாள். ஊரின் வடக்கு ஓரத்தில், சுடுகாட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம், தகரக் கூரையின் கீழே பன்னிரண்டு சிமெண்டுத் தொட்டிகள், அவள் புருஷன் குருசாமி பேட்டரி வண்டியில் தெருத்தெருவாகப் போய் வாரிவருவதை அவள் கொட்டி, உட்கார்ந்து, கையாலேயே பிரிப்பாள். நாங்கள் பிரித்துக் கொடுத்ததே இல்லை. மக்குவதற்குப் பச்சைக் கூடை, மக்காததற்கு நீலக் கூடை என்று வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள், பச்சையில் வெங்காயம் போட்டு வைத்தோம், நீலத்தில் அழுக்குத் துணி போட்டோம், குப்பையை எப்போதும்போல ஒரே பையில் சோறும் பிளேடும் பிள்ளையின் அசிங்கமும் பல்பும் ஒன்றாகத் திணித்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தோம். அவள் அவிழ்த்துப் பிரித்து, மக்குவதைத் தொட்டியில் இட்டு, புளித்த மோரும் வெல்லமும் சாணமும் கரைத்த தண்ணீரை மேலே தெளித்து, "சாப்பிடு ஆத்தா, நல்லாச் சாப்பிடு" என்று ஒவ்வொரு தொட்டியிடமும் சொல்லிவிட்டுத்தான் அடுத்த தொட்டிக்குப் போவாள். மார்கழிக் காலையில், மக்குகிற சூட்டில், அந்தத் தொட்டிகளிலிருந்து ஆவி எழும்பும். அவள் மகள் கனிஷ்கா பள்ளிக்கூடம் விட்டு வந்து கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள்.

உரக்கிடங்கின் சுவரில் ஒரு படம் உண்டு. குப்பையை என்னென்ன செய்ய வேண்டும் என்று மேலிடத்திலிருந்து வந்த படம், அகலமான பக்கம் மேலேயும் கூரான பக்கம் கீழேயுமாக ஒரு முக்கோணம், அதில் வரிசையாகத் தவிர்ப்பது, குறைப்பது, திரும்பப் பயன்படுத்துவது, உருக்கிப் புதிதாக்குவது, எரித்து அனல் எடுப்பது, வேறு வழியே இல்லாத கொஞ்சத்தை மட்டும் கடைசியாகப் புதைப்பது. வரைய வந்த பெயிண்டர் பாண்டியன் நாற்பது வருஷமாகக் கோபுரம் வரைந்தவர். கோபுரத்தைத் தலைகீழாகக் கொடுத்திருக்கிறார்களே, பாவம் படித்தவர்கள், என்று தானே திருத்தி, புதைப்பதைப் பெரிய அடித்தளமாகத் தரையில் வைத்து, தவிர்ப்பதை உச்சியில் கலசம் இருக்கிற இடத்தில் சிறியதாக எழுதிவிட்டார். ஊரும் அவர் வரைந்தபடியே வாழ்ந்தது.

ஆவணியில் வேலுத்தாய் வீட்டுக் கல்யாணம் நடந்தது. எட்டு எருமையும் நாலு பசுவும் வைத்து ஊருக்கே தயிர் ஊற்றுகிற வேலுத்தாய், ஒரே மகன் கல்யாணத்துக்கு மூவாயிரம் பேருக்கு இலை போட்டாள், மூவாயிரம் பேரும் பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் குடித்தார்கள். கப்புகளை அள்ளியவர்கள் துப்புரவுப் பணியாளர் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த காலி மனையில் கொட்டிவிட்டுப் போனார்கள். ஐப்பசி மழை அத்தனை கப்பையும் நிரப்பியது. அந்த மாதம் பதினெட்டாம் தேதி, ஐந்து நாள் காய்ச்சலுக்குப் பிறகு, கனிஷ்கா டெங்குவில் செத்துப்போனாள். எட்டு வயது.

எங்கள் ஊரில் பெண்கள் சுடுகாட்டுக்குள் போவதில்லை, தெருத் திருப்பத்தில் நின்று அழுதுவிட்டுத் திரும்பிவிட வேண்டும். சீனியம்மாள் திருப்பத்தில் நிற்காமல் உரக்கிடங்குக்குள் போய், தான் வேலை செய்கிற இடத்தில் நின்று, சுவருக்கு மேலாகப் பார்த்தாள். குருசாமி மூன்று பிடி மண் போட்டதைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஊன்றி, "இத மட்டும் சாப்பிட்டுராத ஆத்தா. எம்புள்ளைய அப்பிடியே விட்டுரு" என்று சொன்னாள். குழி வெட்டுகிற இருளாண்டி மட்டும்தான் அதைக் கேட்டார்.

மண்ணும் கேட்டது. பதினொரு வருஷமாகத் தனக்குச் சோறு போட்டவளின் குரல், கேட்காமல் இருக்குமா. ஆனால் ஒன்றை விட்டுவிட்டு மற்றதைத் தின்ன அதற்குத் தெரியவில்லை, எல்லாவற்றையும் ஒன்றாகவே கொடுத்துப் பழக்கிய ஊரில் மண்ணுக்கு மட்டும் பிரித்துப் பார்க்க எங்கிருந்து தெரியும், ஆகவே அது வாயை மூடிக்கொண்டது.

முதலில் கண்டுகொண்டது வேலுத்தாய்தான். சாயங்காலம் உறை ஊற்றிய பால் காலையில் பாலாகவே இருந்தது. உறை சரியில்லை என்று பக்கத்து வீட்டில் வாங்கினாள், பக்கத்து வீட்டுக்காரி எதிர்வீட்டில் வாங்கினாள், மூன்று நாளில் ஊரே கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்தது. இட்லி மாவு பொங்கவில்லை, வைத்த கோட்டிலேயே நின்றது, ஊற்றி அவித்தால் கூழாங்கல் போல வந்தது. நீராகாரம் புளிக்கவில்லை. அதே நேரத்தில் தலையில் வைத்த மல்லிகை நாலாம் நாளும் வாடவில்லை, மீன்காரியின் கூடையில் மீன் ஐந்து நாளைக்குக் கண் விழித்துக் கிடந்தது, ஊருக்கு ஆத்தா இறங்கியிருக்கிறாள் என்று மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைத்தோம், மிஞ்சிய பொங்கலும் கெடவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தோம், அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

உரக்கிடங்கின் தொட்டிகள் ஆறிப்போயின. துப்புரவு ஆய்வாளர் ஜெபராஜ் நீளமான வெப்பமானியைக் குப்பைக்குள் குத்திப் பார்த்துவிட்டு, "என்னம்மா சீனியம்மா, தொட்டி ஐஸ் மாதிரி கிடக்கு?" என்றார்.

"தெரியல சார்" என்றாள்.

அவளுக்குத் தெரியும். முதல் தொட்டியில் கை வைத்ததுமே தெரிந்துவிட்டது. என் பிள்ளை சுவருக்கு அந்தப் பக்கம் போட்டபடியே முழுசாக இருக்கிறாள் என்ற ஒரு நினைப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் அவள் தூங்கினாள், அந்த நினைப்பு ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். அதனால் வேலைக்கு ஒழுங்காக வந்தாள், பிரித்தாள், தொட்டியில் போட்டாள், வாயை மட்டும் திறக்கவில்லை.

ஜெபராஜ் பக்கத்து ஊர் உரக்கிடங்கிலிருந்து நுரைத்துப் பொங்குகிற மோர்க் கரைசலை இருபது லிட்டர் கேனில் வாங்கிவந்தார். நொச்சிக்குடி உங்களை வரவேற்கிறது என்று எழுதிய பலகையைத் தாண்டியதும் நுரை அடங்கியது. வண்டியைத் திருப்பிப் பலகைக்கு அந்தப் பக்கம் போனார், பொங்கியது. மூன்று முறை போய் வந்து, மூன்று முறையும் அடங்கியதையும் பொங்கியதையும் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

குப்பை சேர்ந்தது. நாற்றம் இருந்திருந்தால் முதல் வாரமே விழித்திருப்போம், நாறாததைக் குப்பை என்று நினைக்க எங்களுக்கு வரவில்லை, ஆகவே கார்த்திகை முழுக்க எப்போதும்போல ஆக்கிக் கொட்டினோம், கொட்டியது கொட்டியபடியே கிடந்தது, சந்து அடைபட்டது, கால்வாய் அடைபட்டது, ஐப்பசிக் கடைசியில் வந்த தீபாவளிக்கு யார் வீட்டில் எத்தனை கிலோ கறி வாங்கி எவ்வளவு வீணாக்கினார்கள் என்பதையும் யார் வீட்டில் கறியே எடுக்கவில்லை என்பதையும் தெருவில் நடந்து போகிறவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். முன்பெல்லாம் மண் எங்கள் மானத்தையும் சேர்த்துத் தின்றிருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. எரித்துப் பார்த்தோம், ஈரச் சோறு எரியாமல் ஊருக்கே இருமல் வந்தது. குழி தோண்டிப் புதைத்தோம், அடுத்த மழை திறந்து காட்டியது. லாரியில் ஏற்றி அடுத்த ஊருக்கு அனுப்பினோம், அவர்கள் லாரியைத் திருப்பி அனுப்பினார்கள், நாங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

ஒரு நாள் ஜெபராஜ் சுவர்ப் படத்தின் முன் நின்று, தலையை ஒரு பக்கம் சாய்த்து, இன்னும் சாய்த்து, கடைசியில் இடுப்பை வளைத்துக் கால்களுக்கு நடுவே தலையை விட்டுப் பார்த்தார். பெயிண்டர் பாண்டியனைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் முணுமுணுத்துக்கொண்டே ஏணியில் ஏறி, தவிர்ப்பதை மேலே அகலமாக எழுதி, புதைப்பதை ஒரு ஆணி அகலத்துக்குக் கீழே இறக்கினார். "இதத்தானே நான் மொதல்லயே கேட்டேன், எது மேலன்னு" என்றார். அவர் யாரையும் கேட்கவில்லை.

அதன் பிறகு ஊர் அந்தப் படத்தில் கீழிருந்து மேலே ஏறத் தொடங்கியது, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான், ஆனாலும் ஏறினோம். பழைய இரும்பும் பாட்டிலும் காயலான் கடைக்குப் போயின. கல்யாண மண்டபத்தின் பரண்மேல் கிடந்த எவர்சில்வர் தம்ளர்கள் இறங்கின. கிழிந்தது தைக்கப்பட்டது, காலிச் சாக்கு திரும்பச் சாக்காயிற்று. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று வாயால் மட்டும் சொல்லிக்கொண்டிருந்த பெண்கள், வீட்டில் எத்தனை தலை என்று எண்ணி அரிசி களைந்தார்கள். கொஞ்சம் கூடுதலாகும் என்று தோன்றினால் மிஞ்சுவதற்கு முன்பே அடுத்த வீட்டுக்குக் கொடுத்தார்கள், அதுவரை சோறு போகாத தெருக்களுக்கும் சோறு போனது, வாங்கிக்கொள்ள அந்தத் தெருக்காரர்கள் இரண்டு நாள் யோசித்தார்கள், அவர்கள் யோசித்தது நியாயம்.

இவ்வளவு ஏறியும் போதவில்லை. எவ்வளவு குறைத்தாலும் ஒரு வாழைப்பழத் தோல் மிஞ்சும், ஒரு சாவு மிஞ்சும், அதை யாராவது தின்றே ஆக வேண்டும். மாடுகளுக்கு அசைபோட்டது செரிக்கவில்லை, அவற்றின் வயிற்றுக்குள்ளும் கொஞ்சம் மண் இருக்கிறது போலும், வேலுத்தாயின் எருமைகள் விலா எலும்பு தெரிய நின்றன. தோட்டத்தில் போட்ட எரு எருவாகவே கிடக்க, கத்திரி பூக்காமல் வெளுத்தது.

தை மாதம் ஒரு குழி வெட்டும்போது பக்கத்துக் குழியின் மண் சரிந்து, கார்த்திகையில் புதைத்த ஒருவர் நெற்றி விபூதியோடு அப்படியே கிடந்ததை இருளாண்டி பார்த்தார். ஐப்பசிக்குப் பிறகு உள்ளே போன ஒருவரும் மண்ணாகவில்லை. சேதி பரவியதும் சிலர் போய்ப் பார்த்தார்கள், பார்த்தவர்கள் வந்து சாப்பிடவில்லை, பதினாறாம் நாள் காரியம் முடித்துத் தலை முழுகிய வீடுகளில் மறுபடி முதல் நாள் அழுகை கேட்டது. அந்த மூன்று மாதத்தில் துக்கமும் மக்கவில்லை. அன்றைக்கு அழுதது அன்றைக்கு அழுதபடியே இருந்தது.

அதற்கு மேல் இருளாண்டியால் அடக்க முடியவில்லை. தான் கேட்டதைச் சொல்லிவிட்டார்.

கோயில் முன்னால் ஊர் கூடியது. சீனியம்மாளைக் கூப்பிட்டு மண்ணிடம் சொல்லச் சொல்லுங்கள் என்று ஒருவர் கத்தினார். குருசாமி வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார், பதினொரு வருஷத்தில் அவர் கூட்டத்தில் பேசி யாரும் கேட்டதில்லை. "பெத்தவ கிட்டப் போயி, புள்ளைய மண்ணுக்குக் குடுன்னு கேக்க ஒங்கள்ல யாருக்கு வாய் வருதோ, அவுக முன்னால வாங்க. எனக்கு வரல" என்றார். யாரும் முன்னால் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கலைந்தோம்.

மறுநாள் காலை வேலுத்தாய் தனியாக உரக்கிடங்குக்குப் போனாள். அந்த வாசலை அவள் அதற்கு முன் மிதித்ததில்லை.

"எருமை எட்டும் எலும்பாப் போச்சு தாயி" என்றாள். "கன்னுக்குட்டி நேத்து விழுந்துருச்சு. நீ ஒரு வார்த்த சொன்னா..."

சீனியம்மாள் பிரித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "ஒங்க வீட்டுக் கல்யாணத்துல தண்ணி குடிச்ச கப்ப எல்லாம் எங்கனம்மா போட்டீக?"

"ஆளுக அள்ளிட்டுப் போனாக. எங்கன போட்டாகன்னு நான் கேக்கல."

"எங்க வீட்டுக்குப் பின்னால போட்டாக. மழத்தண்ணி நின்னுச்சு. கனிஷ்கா ஒரு கப்பத் தூக்கிட்டு வந்து, அம்மா இங்க பாரு, குட்டிக் குட்டி மீனுன்னு காட்டுனா. கொசுப் புழு. அதக் கீழ ஊத்திட்டு வாடின்னு சொன்னேன். ஒரு கப்ப ஊத்துனா, மத்ததெல்லாம் இருந்துச்சு."

மன்னிப்புக் கேட்டால் அதுவும் ஒரு குப்பையாகத்தான் இருக்கும் என்று வேலுத்தாய்க்குத் தோன்றியிருக்க வேண்டும், கேட்காமலே போனாள்.

அடுத்த நாள் விடிந்ததும் அவள் அந்தக் காலி மனையில் குனிந்து கப்புப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் மகன் வந்தான், மருமகள் வந்தாள், அந்தக் கல்யாணத்தில் சாப்பிட்ட நாங்கள் ஒவ்வொருவராக வந்தோம். முள்ளை விலக்கி, சகதியைக் கிளறி, பழைய டயரையும் உடைந்த குடத்தையும் தேங்காய்ச் சிரட்டையையும் கவிழ்த்து எடுத்து, நாலு நாளில் அந்த மனையில் ஒரு கைத் தண்ணீர் நிற்க இடமில்லாமல் செய்தோம். வீட்டுக்கு வந்து பச்சைக் கூடையிலிருந்து வெங்காயத்தை எடுத்தோம், நீலக் கூடையிலிருந்து துணியை எடுத்தோம். யாரும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் குருசாமி கொண்டுபோய்க் கொட்டிய வண்டியில் சோறு சோறாகவும் காகிதம் காகிதமாகவும் கண்ணாடி துணியில் சுற்றிக் கண்ணாடியாகவும் இருந்தது.

சீனியம்மாள் பார்த்தாள். உட்கார்ந்தாள். பிரிக்க எதுவும் இல்லை. பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக அவள் கைகள் மடியில் சும்மா கிடந்தன, மத்தியானம் வரை அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று குருசாமி சொன்னார்.

மறுநாள் காலை துவைத்த நூல் சேலை ஒன்றை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தாள். பெண்கள் நிற்கும் திருப்பத்தில் நிற்கவில்லை. சுடுகாட்டுக்குள் போய், "அண்ணே, தோண்டுங்க" என்றாள். இருளாண்டி குருசாமியைப் பார்த்தார். குருசாமி மண்வெட்டியை எடுத்துத் தானும் தோண்டினார். நாங்கள் ஆணும் பெண்ணுமாகத் திருப்பத்தில் நின்று பார்த்தோம், கூப்பிடாமல் உள்ளே போக எங்களுக்கு மனம் துணியவில்லை.

கனிஷ்கா இருந்தாள். காய்ச்சலில் வெடித்த உதடு, இரட்டை ஜடை, அம்மா இழுத்துப் பின்னிய அழுத்தம்கூடக் கலையவில்லை. சீனியம்மாள் குழிக்குள் இறங்கி அவளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு நெற்றியோடு நெற்றி வைத்து அழுதாள். அழுத அழுகை எங்கள் வரைக்கும் கேட்டது, ஐப்பசியில் அவள் அப்படி அழவில்லை.

அழுது ஓய்ந்த பிறகு குழியின் பக்கத்து மண்ணில் எதையோ பார்த்தாள். ஒரு பால் கவர். எந்தக் காலத்திலோ யாரோ போட்டது, எழுத்துகூட அழியவில்லை.

"இதுவும் இப்பிடியேதான் கிடக்குது அண்ணே" என்றாள் இருளாண்டியிடம். "மண்ணு ஏத்துக்கிடாதது எல்லாம் இப்பிடித்தான் கிடக்கும் போல. எம்புள்ளையவும் இதுங்க கூடக் கெடக்கச் சொல்லிட்டேனே."

பிறகு அவள் கைகள் தங்களுக்குத் தெரிந்த வேலையைச் செய்தன. ஜடையிலிருந்து நைலான் ரிப்பனை அவிழ்த்தாள். ஹேர்கிளிப்பை எடுத்தாள். பிளாஸ்டிக் வளையல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல் கழற்றுவதுபோல, கழற்றினாள். புதைத்த அன்று யாரோ பக்கத்தில் வைத்த பிஸ்கட் பாக்கெட்டை உடைத்துப் பிஸ்கட்டை மட்டும் வைத்துவிட்டு உறையை எடுத்துக்கொண்டாள். ஜிகினா வைத்த பாலியஸ்டர் கவுனைக் கழற்றி, தன் நூல் சேலையால் பிள்ளையைத் தலை முதல் கால் வரை சுற்றினாள். எடுத்ததையெல்லாம் முந்தானையில் முடிந்துகொண்டாள். பிள்ளையைக் கிடத்தி, மேலே ஏறி, தன் கையாலேயே மூன்று பிடி மண் போட்டாள்.

"பிரிச்சுக் குடுத்துட்டேன் ஆத்தா" என்றாள். "இனிச் சாப்பிடு."

குழியை மூடினார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. வெயில் ஏறியது, குருசாமி பக்கத்தில் உட்கார்ந்தார், நாங்கள் நின்ற இடத்திலேயே நின்றோம். உச்சி நேரத்துக்குச் சுவரோரத்திலிருந்து எறும்புகள் வந்தன, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையாக மேட்டை நோக்கி வந்தன, நடுவில் சீனியம்மாளின் கால் நீட்டியிருந்ததால் அவள் பாதத்தின் விளிம்பில் வரிசை தயங்கி நின்றது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு காலை மடக்கிக்கொண்டு வழி விட்டாள்.